கொடி ஓய்வெடுக்கும் மாதம்

மே 4, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது ஆல்பர்ட் சொன்னார்: "சரி, போவோம்."

நான் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்ட எதற்கும் அவர் லேசில் சரி என்று சொன்னதில்லை. குளச்சலிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே நடப்பது, நான்கு நாள். ரோட்டில் இல்லை, பாறை மேலும் மணலிலும்தான். இதை ஒன்பது வருடமாகக் கேட்கிறேன்.

காலேஜ் டூரில் முட்டத்துப் பாறையில் ஏறி நின்றேன். அடுத்த முனை தெரிந்தது. அதற்கு அப்புறம் என்ன என்று பார்க்க நாலு எட்டு வைத்தேன். டீச்சர் விசில் அடித்துக் கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். அந்த முனைக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. நாற்பத்தைந்து வயதில் இதற்காக ஏங்குவது கிறுக்குத்தனம் என்றால் நான் கிறுக்கிதான்.

ஜூன் 16 கிளம்புகிறோம். அதைவிட்டால் வேறு நாள் கிடையாது. இந்த மாதக் கடைசியில் திராட்சை அறுப்பு முடியும். ஜூலை நடுவில் கவாத்து, கொடியை வெட்டிவிடுவது. இடையில் கொடி ஓய்வெடுக்கும். கொடி ஓய்வெடுத்தால்தான் எங்களுக்கும் ஓய்வு. கவாத்துத் தேதியை இவர் ஒரு நாள்கூடத் தள்ளமாட்டார். என் அப்பாவை அடக்கம் செய்த மறுநாளே கத்தரிக்கோலோடு தோட்டத்துக்குப் போன மனிதர்.

ஜூன் நல்ல மாதமும்கூட. வெயில் தணிந்து சாரல் அடிக்கும்.

மே 9, வெள்ளி

உத்தமபாளையத்தில் இரண்டு ஜோடி ஷூ வாங்கினோம். அவருக்கு ஷூ போட்டுப் பழக்கமில்லை. கடைக்குள்ளேயே நாலு தடவை நடந்து பார்த்துவிட்டு, "காலுக்கு வெலங்கு மாட்டுன மாதிரி இருக்கு" என்றார்.

பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார். "ராணி, தண்ணியில எறங்க வேண்டியிருக்குமா?"

"எங்கயாச்சும் ஆறு கடல்ல சேருற எடம் வரும். முழங்கால் அளவுதான் இருக்கும்."

எனக்கு எப்படித் தெரியும்? போனில் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தேன். ஆற்று வாயை மணல் மூடியிருந்தது. அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்று பார்க்கவில்லை.

அவர் பயம் எனக்குத் தெரியாததா? இருபது வயதில் பெரியாற்றில் குளிக்கப் போனவரை வெள்ளம் இழுத்து, அரை மைல் தள்ளி ஒரு மரவேரில் கொண்டுபோய் விட்டது. அன்றிலிருந்து குழாயடிக் குளியல்தான். அப்படிப்பட்டவர் சரி என்று சொல்லியிருக்கிறார்.

மே 14, புதன்

அறுப்பு. கை முழுக்கப் பிசுபிசுப்பு. பேனா ஒட்டுகிறது.

மே 20, செவ்வாய்

முட்டத்தில் தங்குவதற்கு ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்கார அம்மா பெயர் ஜெயமேரி. போனில் தேதியைச் சொன்னேன்.

"அக்கா, ஆனி ஆடியிலயா? எங்க ஆளுங்களே பாறைப் பக்கம் போவமாட்டாங்க. நிக்கிற ஆளை அலை இழுத்துட்டுப் போயிரும். பொழியெல்லாம் தொறந்துரும்."

பொழி என்றால் ஆறு கடலில் விழும் வாய். கோடையில் மணல் மூடிக் கிடக்கும். மழை வந்தால் உடைத்துக்கொண்டு ஓடும், ஆள் உயரத்துக்கு.

ஜனவரியில் வாருங்கள், கடல் சாதுவாகக் கிடக்கும் என்றார்கள்.

எவ்வளவு பெரிய முட்டாள் நான்! மேற்கே மலை. மலையைத் தாண்டி என்ன அடித்துக் கொட்டுகிறது என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாராவது யோசிக்கிறோமா? அங்கே பெய்த பெருமழையின் மிச்சம்தான் இங்கே வந்து முகத்தில் தெளிக்கிறது. அதைச் சாரல் என்று கொண்டாடுகிறோம். அதை நம்பித் தேதி குறித்திருக்கிறேன்.

ஜனவரியில் எப்படிப் போவது? ஜூலையில் கவாத்து என்றால் நவம்பரில் அறுப்பு, டிசம்பரில் மறுபடி கவாத்து. ஜனவரியில் கொடி பூவும் பிஞ்சுமாக நிற்கும். அந்த நேரத்தில் இவர் தோட்டத்தை விட்டு அனுமந்தன்பட்டி எல்லையைத் தாண்டமாட்டார்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 21, புதன்

இன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். கடல்கரைக்காரர்கள் வெளியூர் ஆளைப் பயமுறுத்துவது வழக்கம்தானே? அப்படியா, ராணி? யாரிடம் கதை விடுகிறாய்?

சொன்னால் "அப்பவே நெனச்சேன்" என்பார். அத்தோடு முடிந்தது. இன்னொரு சரி அவர் வாயிலிருந்து வராது.

மே 25, ஞாயிறு

பக்கத்துத் தோட்டத்து ராக்கப்பன் போனில் ஒரு வீடியோ கொண்டுவந்து காட்டினார். எங்கோ கடலோரம், தடுப்புச் சுவருக்கு மேலே எழும்பி வந்து தெருவில் விழுகிறது அலை. "மதினி, இங்கனதான போறீக?"

"அது பழைய வீடியோ" என்றேன். உடனே வந்தது பொய். நாக்கு கூசவில்லை.

ஆல்பர்ட் பக்கத்திலிருந்து வீடியோவைப் பார்த்தார். என்னை நம்பி எழுந்து போனார். அதுதான் தாங்கவில்லை.

மே 29, வியாழன்

கொஞ்ச நாளாகச் சாயங்காலம் ஈரத்தலையோடு வருகிறார். தோட்டத்துக் குழாயில் குளித்தேன் என்பார். இன்று ராக்கப்பனிடம் கேட்டேன்.

"அண்ணே பத்து நாளா எங்க கெணத்துலதான் கெடக்காக மதினி. நீச்சல் பழகுறாக. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

போய்ப் பார்த்தேன். கிணற்றோரத்துத் தென்னைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நாற்பத்தொன்பது வயது மனிதர், சின்னப் பிள்ளைகள் பழகுவதுபோல முதுகில் காலி கேனைக் கட்டிக்கொண்டு கடைசிப் படியைப் பிடித்துத் தொங்குகிறார். கண் இறுக்கி மூடியிருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. அருள்நிறை மரியே செபம்தான் சொல்லியிருப்பார். படியை விட்டார். ரெண்டு கை அடித்தார். தண்ணீர் குடித்து, இருமி, திரும்பப் படியைப் பிடித்தார். மறுபடியும் விட்டார்.

நான் இவரை எங்கே கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன்?

மே 30, வெள்ளி

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஜெயமேரி சொன்னது, பொழி, வீடியோ, ஜனவரி எல்லாம்.

கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"இருவதாந் தேதி."

விரல் விட்டு எண்ணினார். "பத்து நாளு. நான் கெணத்துல கெடந்த பத்து நாளும் ஒனக்குத் தெரியும்."

கெணத்துல கெடந்தது எனக்குத் தெரியாதுங்க, நேத்துத்தான் பாத்தேன்னு சொன்னேன். சொல்லி என்ன? தப்பு அது இல்லையே. தெரிஞ்சே கூட்டிட்டுப் போயிருப்பேனே... போயிருப்பேனா? கடைசி நிமிஷத்துல சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்தானே?

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஜூன் 3, செவ்வாய்

ஷூ ரெண்டு ஜோடியும் பரணுக்குப் போய்விட்டது. அவர்தான் எடுத்து வைத்தார். பேச்சு "சோறு", "தண்ணி", "மோட்டார் ஓடுது" என்ற அளவில் நிற்கிறது.

ஜூன் 16, திங்கள்

இன்று குளச்சலில் இருந்திருக்க வேண்டும். இங்கே சாரல், சுகமான காற்று. ஜெயமேரி தானாகவே கூப்பிட்டார்கள்: "நீங்க கெளம்பலையேக்கா?" பாறையில் காயப்போட்டிருந்த வலையைக் காலையில் கடல் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். அந்தப் பாறை வழியாகத்தான் ரெண்டாம் நாள் நடப்பதாக எழுதி வைத்திருந்தேன்.

இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டது. எழுந்து போய்விட்டார். அழுதேன். போகாததற்காக இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

கவாத்து நாள். ஆறு பேருக்கு இட்லி அவித்து வைத்துக் காத்திருந்தேன். எட்டு மணியாகியும் ஒருவரும் வரவில்லை. ஆட்களைக் கூட்டி வரும் சுந்தரலிங்கத்துக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன்.

"என்னக்கா என்னைய வையிறீக? அண்ணேதான் போன வாரமே ஆகஸ்ட் கடைசிக்கு வாங்கன்னு சொல்லிட்டாக. ஒங்களுக்குத் தெரியாதா?"

நம்பமுடியவில்லை. தோட்டத்துக்கு ஓடினேன். சுற்றிலும் எல்லாப் பந்தலும் வெட்டி மொட்டையாக நிற்கிறது. எங்கள் பந்தல் மட்டும் பழைய இலையோடு கிடக்கிறது. ராக்கப்பன் வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு அறுப்பே தள்ளிப்போவுது மதினி. புத்தி கெட்டுப்போச்சா அண்ணனுக்கு?"

வரப்பிலேயே உட்கார்ந்து எண்ணினேன். ஆகஸ்ட் கடைசியில் வெட்டினால் நாலு மாதம். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். கிறிஸ்மஸ் கழித்து அறுப்பு முடியும்.

அப்படியென்றால் ஜனவரியில் கொடி ஓய்வெடுக்கும்.

திரும்பத் திரும்ப எண்ணினேன். ஜனவரிதான் வந்தது.

ஐந்தரைக்கு ஈரத்தலையோடு வந்தார். "கவாத்த ஏங்க தள்ளுனீக?" என்று கேட்டேன்.

"கொடி களைச்சிருக்கு" என்று துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார்.

சாப்பிட உட்கார்ந்த பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்குக் கேன அவுத்து வச்சிட்டு ஒரு சுத்து வந்துட்டேன்."