அத்தை சிரித்த படம்

என்னவருக்கு,

போனில் சொன்னால் பாதி சிரிப்பிலேயே போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். இன்று உங்கள் அம்மாவும் நானும் சினிமாவுக்குப் போனோம்! நீங்கள் எடுத்து அனுப்பிய டிக்கெட்டை வீணாக்க இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.

காமெடிப் படம். முதல் பாதி முழுக்க ஆட்கள் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. அத்தை கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு, ஒரே சமையலறையில் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள்.

"உப்பு கம்மின்னு அவகிட்ட சொல்லு" என்று மாமியார் பூனையிடம் சொல்கிறாள்.

"வேணும்னா போட்டுக்கச் சொல்லு" என்று மருமகளும் அதே பூனையிடம் சொல்கிறாள். பூனை இருவரையும் பார்த்துவிட்டு, எழுந்து வெளியே போய்விடுகிறது.

தியேட்டரே சிரித்தது. எனக்கு மட்டும் உடம்பு கூசியது. பக்கத்தில் அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன்.

"நம்ம வீட்ல பூனைகூட இல்லையேடி, டிவிகிட்டல்ல சொல்லிட்டிருக்கோம்!" என்று என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

விழுந்தவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தது தியேட்டரோடு சரி. நம்மையே பார்த்துச் சிரித்தது வீடுவரை வந்துவிட்டதுங்க. பஸ்ஸில் அத்தை வாய் ஓயவில்லை. நானும்தான்.

தனி வீடு பார்க்கச் சொல்லியிருந்தேனே, அதற்கு இப்போது அவசரமில்லை.

அடுத்த அறையிலிருந்து சத்தம் வருகிறது: "அவனுக்கு என்னைப் பத்தி என்னடி எழுதுற?"

என்னிடமே கேட்கிறார்!

இப்படிக்கு,
உங்கள் வீட்டு வாயாடிகளில் இளையவள்