இரண்டாவது இன்லேண்ட்

அக்கா,

நேற்று காங்கேயத்தில் கீர்த்தனா உங்கள் பீரோவைத் திறந்தாள். முகூர்த்தத்துக்கு உங்கள் அரக்குப் பட்டைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். சேலை மடிப்பிலிருந்து ஓர் இன்லேண்ட் கடிதம் விழுந்தது. பாச்சை உருண்டை வாசனை. மேலே உங்கள் சாய்ந்த கையெழுத்தில் என் பெயரும் அருள்புரம் பனியன் கம்பெனி விலாசமும். "உங்களுக்குத்தானுங்க மாமா" என்று நீட்டினாள். பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் அனுப்பிய முதல் இன்லேண்டை வாட்ச்மேன் கொண்டுவந்து தந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கூரியரும் மெயிலும் தவிர எதுவும் வராத கம்பெனி அது. 'நலம், நலமறிய ஆவல்' வரைதான் படித்தேன். செக்கிங் டேபிளில் விரித்துப் படம் எடுத்து, எங்கக்கா இன்னும் லெட்டர் போடுகிறார் பாருங்கள் என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெருமையடித்தேன். அதற்குள் ஆர்டர் தரும் வெளிநாட்டுப் பையரின் மெயில் வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் கீர்த்தனா கூப்பிட்டாள். "மாமா, அம்மாவுக்கு என்னாச்சுங்க?"

அப்புறம்தான் மீதியைப் படித்தேன். மார்பில் கட்டி. டாக்டர் நல்லபடியாகச் சொல்லவில்லை. தையில் கீர்த்தனா கல்யாணம் முடியும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம். போனில் அனுப்பினால் அவள் எடுத்துப் பார்த்துவிடுவாள், அதனால்தான் கடிதம். படத்தை அழித்தேன். எல்லாரும் படித்து முடித்திருந்தார்கள்.

அம்மா குணமானால்தான் கல்யாணம் என்று அவள் தள்ளிப்போட்டாள். அந்தத் தையும் போயிற்று, நீங்களும் போய்விட்டீர்கள். தெரிந்ததால்தான் உடனே வைத்தியம் நடந்தது என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் நீங்கள் ஆசைப்பட்டது அந்த ஒரு கல்யாணத்தைப் பார்க்கத்தான். அதைக் கெடுத்தவன் நான்.

ஆஸ்பத்திரியில் நான் அழுதபோது, "நீ வேணும்னா பண்ணுனே? உடு கண்ணு" என்றீர்கள். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

இந்த இரண்டாவது இன்லேண்டை வண்டியில் உட்கார்ந்து பிரித்தேன். உள்ளே 'கண்ணு' என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லையா, என்னிடம் சொல்ல மனம் வரவில்லையா, தெரியவில்லை.

இன்று காலை கீர்த்தனா, அம்மா என்ன எழுதியிருக்காங்க, ஒரு போட்டோ அனுப்புங்க மாமா என்று கேட்டிருந்தாள். கடிதம் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. உனக்கும் சேர்த்து வாழ்த்து எழுதியிருக்கிறார் என்று பதில் போட்டேன். படம் எடுக்கவில்லை, அக்கா.