ஏசியில் வந்த கலர்

சேரப்பணஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

மாப்பிள்ளை சிவசங்கருக்கு பலராமன் எழுதுவது. உங்களை அப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டேன், விடுங்கள். சிங்கப்பூரில் வேலையும் சாப்பாடும் ஒழுங்காக நடக்கிறதென்று நம்புகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதிக் கொடுத்தால் சின்னவள் லீலா போட்டோ பிடித்து அனுப்புவதாகச் சொன்னாள்.

தென்றல் ஷிப்டில் இருக்கிறாள், ஓ.டி. பார்க்கிறாள் என்று ஒரு மாதமாக உங்களிடம் சொன்னேனே, அத்தனையும் பொய். சென்னையில் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். ரத்தப் புற்றுநோய்.

நிச்சயதார்த்தத்தன்று உங்கள் அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, "பொண்ணு போட்டோல பாத்தத விட வெளுப்பா கீதே" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரி செந்தாமரைக்குத் தலைகால் புரியவில்லை. தென்றல் பிறந்ததிலிருந்து என்னைப்போலக் கருப்பு. கருப்பி என்றுதான் கூப்பிடுவேன். ஒரகடத்தில் செல்போன் கம்பெனிக்குப் போன பிறகு வெளுத்துக்கொண்டே வந்தாள். விடியுமுன் கம்பெனி பஸ், நாள் முழுக்க ஏசி, தலை முதல் கால் வரை கோட்டும் தொப்பியும், வெயிலே படாது. ஏசியில் கலர் வந்துவிட்டது என்று தெருவே சொன்னது. பக்கத்து வீட்டு அம்சவல்லி தன் பெண்ணையும் அங்கே சேர்த்துவிடச் சொல்லி நச்சரித்தாள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள் தென்றல். கையில் அங்கங்கே கன்றிப்போயிருந்தது. நைட் ஷிப்ட் அலுப்பு, கல்யாணத்தோடு வேலையை விட்டுவிடலாம் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

போன மாதம் கம்பெனியில் வேலை லைனிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வெளுத்துப் போயிருக்கா, வீட்ல யாருமே பாக்கலையா?" என்று கேட்டார். பார்த்தோம் தாயே, பார்த்துச் சந்தோஷப்பட்டோம் என்று எந்த வாயால் சொல்வேன்?

ரத்தம் ஏற்றினால் உதடும் முகமும் பழைய கருப்புக்குத் திரும்புகின்றன. அன்றைக்கு அவளே என்னைக் கூப்பிட்டு, "கருப்பி வந்துட்டா பாருப்பா" என்று சிரிக்கிறாள். இரண்டு நாளில் மறுபடி வெளுத்துவிடுகிறாள். மருந்து கேட்கவில்லை என்கிறார் டாக்டர். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் வேறு பெண் பார்க்க வேண்டும் என்கிறாள் தென்றல். மோதிரத்தையும் நிச்சயப் புடவையையும் உங்கள் வீட்டில் சேர்த்துவிடச் சொன்னாள். பையில் போட்டுக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போனேன். ஆவணிக் கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு, மூலையில் இன்னொரு கை அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்ப்பதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டேன். பை பீரோவில் இருக்கிறது. நீங்கள் சொன்னால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சாமி சத்தியமாக உங்கள் மேல் எனக்கு வருத்தம் வராது.

ஒன்றே ஒன்று. நீங்கள் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை, ஆனால் கட் பண்ணுவதும் இல்லை. அடித்து ஓயும்வரை திரையில் உங்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓய்ந்த பிறகுதான் கவிழ்த்து வைக்கிறாள்.

நீங்கள் எங்கே யார் கழுத்தில் தாலி கட்டினாலும் நன்றாக இருக்க வேண்டும், நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும். அதுவரைக்கும் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், மாப்பிள்ளை. போனைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே அடிக்க விடுங்கள்.

இப்படிக்கு,
தென்றலின் அப்பா,
பலராமன்