எட்டுச்செலவுச் சோறு

கஜீபனின் அப்பாவுக்கு,

முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எழுதி உங்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கிறேன்.

நாளை கஜீபன் போய் எட்டாம் நாள், எட்டுச்செலவு. "பிள்ளை விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் சமைச்சுப் படையுங்கோ" என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டுப் போனார். கணவாய்க் கறி வைப்பேன்.

அன்று மத்தியானமும் பானை நிறையச் சோறு இருந்தது. "வாழைக்குத் தண்ணி இறைக்க வராதவனுக்கு ஒரு பிடி சோறும் போடாதை" என்றீர்கள். நான் போடவில்லை. "கடையிலை சாப்பிடுறன் அம்மா" என்று சிரித்துக்கொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்தான். கடைக்குப் போகும் வழியிலேயே பஸ் மோதிவிட்டது.

எல்லோரும் வாய்க்கரிசி போட்டபோது நானும் போட்டேன். பச்சையரிசி. மூடிய வாயில் நிற்காமல் கன்னத்தால் வழிந்து விழுந்தது. பெண்கள் சுடலைக்கு வரக்கூடாதென்று வாசல் படலையோடு என்னை மறித்துவிட்டார்கள். அங்கே நீங்கள் போட்ட அரிசியாவது உள்ளே போனதா என்று இன்னும் கேட்கவில்லை.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அகப்பை என் கையில்தான் இருந்தது.

வாழையிலையைச் சந்தையில் வாங்கி வாருங்கள். எங்கள் தோட்டத்தில் வெட்ட வேண்டாம். எல்லாம் நான் சமைத்துத் தருவேன். இலையில் முதற்பிடிச் சோற்றை மட்டும் நீங்கள் போடுங்கள். அப்பா போடச் சொல்லிவிட்டார் என்று அவனுக்குத் தெரியட்டும்.

அவனுடைய அம்மா