வாளில்லாத சிங்கம்

திருகோணமலை,
22.8.76

அன்பு மகன் ஸெய்னுதீனுக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் தங்கச்சி லைலாவும் எங்கள் ஆடும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கத் துஆக் கேட்கிறோம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், ஊரார் எழுதி நீ அறிவதை விட அது மேல். உன் போன கடிதத்தின் தபால் முத்திரையில் இங்கிலாந்து ராணியின் முகத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிங்கம் நின்றது. கண்டதும் இது எங்கள் கொடிச் சிங்கம்தானே, பயல் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்பில் வந்து இறங்கிவிட்டான் என்று முடிவு கட்டினேன். உம்மாதான் உற்றுப் பார்த்து, கையில வாளக் காணல்லியே என்றா. வாளைச் சுங்கத்தில் பிடித்து வைத்திருப்பார்கள் என்றேன். கிண்ணியாவிலிருந்து உன் ரபீக்கா மாமி வட்டிலப்பத்தோடு வந்துவிட்டா, நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனேன். ரயில் வந்தது, நீ வரவில்லை. வட்டிலப்பம் நன்றாக இருந்தது.

பிறகுதான் உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முத்திரைச் சங்கத்துக்குப் போனேன். உனக்குத் தெரியாது, ஜமால்தீன் கடை மேல்மாடியில் ஞாயிறுகளில் நாலைந்து பேர் கூடி இங்கிலாந்து முத்திரை படிக்கிறார்கள், பூவும் குருவியும் போட்டதை அல்ல, நாளாந்தம் கடிதத்தில் ஒட்டுகிற வெறும் ராணித் தலையை. தலைவர் இரத்தினசிங்கம் ஐயா, முந்தித் தபால் கந்தோரில் இருந்தவர். லாஞ்சிப் படகு ஓட்டுகிற எனக்கு அதிசயமாக இருந்தது, ஒரே மனிசியை ஏன் ஐயா இவ்வளவு நேரம் பாக்கிறீங்க என்று கேட்டேன். மனிசி ஒண்டுதான், முத்திரையின்ர பச்சை நிறம் ஒண்டில்லைக் காணும் என்றார். முத்திரையைச் சரித்துப் பிடித்தால் மங்கலாக ஒரு கோடு ஓடுகிறது, அதைப் பார்த்து அங்கே ஒரு இயந்திரம் கடிதங்களைப் பிரிக்குமாம். அதில் நாட்டின் பெயரே கிடையாது, நீ கவனித்தாயா, முகத்தைக் காட்டினால் போதுமாம், எங்கள் ஊரில் அப்படி நடப்பவர் உன் பெரியப்பா ஒருவர்தான். வீட்டுக்கு வந்து உம்மாவையும் விளக்கடியில் சரித்துப் பார்க்க வேண்டும் என்றேன், கோடு தெரியும், எல்லாம் நீங்க போட்டதுதான் என்றா.

சிங்கத்தைக் காட்டியதும் ஐயா சிரித்தார், தன் பெயரிலும் ஒன்று இருப்பதால் மரியாதையோடுதான் சிரித்தார். இது கொழும்புச் சிங்கமில்லை, ஸ்கொட்லாந்துச் சிங்கம், அந்தப் பக்கத்துக் கந்தோர்களிலைதான் விக்கிறவை என்றார். லண்டனில் கிடையாதோ என்றேன். அங்கை ராணி தனியத்தான் என்றார்.

அதிலிருந்து, மகன், என் மனம் ஓரிடத்தில் இல்லை. கடிதத்தில் நீ லண்டன் விலாசம் எழுதி, வேலை கூடிப்போச்சு, குளிர் கூடிப்போச்சு என்கிறாய், சிங்கம் வேறு கதை சொல்கிறது. வேலை போய்விட்டதா, சொல்ல வெட்கமா, அல்லது அங்கே யாரும் பொம்பிளைப் பிள்ளையைப் பார்த்து வைத்திருக்கிறாயா. உம்மா அதையே பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை சோறு தின்னுமா என்று கேட்கிறா. எதுவானாலும் கோபிக்கமாட்டேன். நீ எந்த ஊரில் படுத்தெழும்புகிறாய் என்று தெரியாமல் இருக்கத்தான் எனக்கு ஏலாது. துஆவுக்கு விலாசம் தேவையில்லை என்று பள்ளிவாசல் லெப்பை சொல்கிறார், எனக்குத் தேவையாக இருக்கிறது.

முத்திரைக்கு மேல் தபால் கந்தோர்க்காரர் குத்திய குத்தில் ஊர்ப் பெயர் பாதி தெரிகிறது, வருகிற ஞாயிறு ஐயா பூதக்கண்ணாடி கொண்டுவந்து வாசித்துத் தருவார். அதற்காக நீ பேசாமல் இருந்துவிடாதே, உன் கையால் எழுது. இந்தக் கடிதத்தை லண்டனுக்கே போடுகிறேன், யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள். தலைக்கு எண்ணெய் வை, தொழுகையை விடாதே. நீ போகிற வழியெல்லாம் அல்லாஹ் உனக்கு நல்ல மனிதரைக் காட்டட்டும்.

உன் வாப்பா,
முஹம்மது தம்பி

பின்குறிப்பு: உறை வியர்வையில் நனைந்திருந்ததால் மதிலில் காயவைத்தேன். சிங்கத்தை ஆடு தின்றுவிட்டது. ஐயாவிடம் கண்ணாடி வேண்டாம் என்று சொல்லியாயிற்று, இனி நீதான் சொல்ல வேண்டும். ஆடு சுகமாக இருக்கிறது.