கால்வாயில் விட்ட ஆமை

லான்மடாவ், ரங்கூன்
ஆடி 20

அன்பு மகன் தமிழ்மணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை மஞ்சுளாவும் அம்மன் புண்ணியத்தில் சுகம். கிள்ளானில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பா திவசத்துக்கு வந்தே தீருவேன் என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நீ நல்லபடியாக வந்து சேர, இந்த ஊர் வழக்கப்படி ஓர் உயிரை விடுதலை செய்யலாம் என்று சந்தையில் ஆமை ஒன்று வாங்கினேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்களே, அதனால் வீட்டுப் படியேறாமல், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், நேரே த்வாண்டே கால்வாய்க்குப் போய் உன் பேரைச் சொல்லித் தண்ணீரில் விட்டேன். அது நீந்தவில்லை, கல் மாதிரி இறங்கியது. படகுக்காரர் கோ ஹ்லா, கோன் லெய், கோன் லெய் என்று கத்திக்கொண்டே குதித்து எடுத்தார். அப்படியென்றால் தரையில் வாழும் ஆமையாம். நமக்கு எல்லாம் ஒரே ஆமைதானே, எனக்கு எப்படித் தெரியும்.

வேறு வழியில்லாமல் வீட்டுக்கே கொண்டுவந்தேன். அன்று முழுக்கத் தலையை நீட்டவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியார் அப்துல் ரவூப் வந்து பார்த்து, இது டைனோசர் காலத்துச் சாதிம்மா, அதுகளெல்லாம் செத்துப்போச்சு, இது இன்னமும் இருக்கு, அவசரப்படாம இருங்க என்றார். இருபது கோடி வருஷம் பிழைத்து வந்த வம்சத்தை நான் ஒரே வேண்டுதலில் முடிக்கப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் அது தலையை நீட்டிக் கசூன் கீரையைக் கடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மணி, உன்னிடம் ஒன்றை மறைத்தேன். போன மாதம் நம் தெருவில் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கப் பேர் குலுக்கினார்கள். ஏசுரத்தினம் மகன் லூர்து வெளிநாட்டு வேலையிலிருந்து ஊருக்கு வந்த நாலாம் நாளே அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சொன்னால் நீ வரமாட்டாயே என்றுதான் சொல்லவில்லை. பெற்றவள் செய்கிற காரியமா இது? சொந்த இடம் என்று நினைத்துத்தான் அந்த ஆமையையும் தண்ணீரில் விட்டேன்.

நீ வராதே. திவசத்தை மஞ்சுளா செய்வாள், ஐயரிடம் பேசிவிட்டேன். பெண்பிள்ளை செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆவணி ஒன்பதாம் தேதி, மறக்காமல் வேலைக்குப் போகுமுன் எள்ளும் தண்ணீரும் இறைத்து அப்பா பேரைச் சொல். நூறாயுசாக இரு. பிள்ளை எங்கே என்று யாராவது கேட்டால், இருக்கிறான் என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு அது போதும்.

உன் அம்மா
சு. கனகாம்பாள்