நாற்பத்திமூன்றாம் முறையில் கொடுத்த கிரகம்

கிண்ணியா
9 ஏப்ரல் 2025

என்ட மகள் அசனாவுக்கு ஸலாம் சொல்லி வாப்பா எழுதுகிறேன்.

நீ அனுப்பிய விண்வெளி விளையாட்டை உன் தங்கச்சி ஷிஃபானா தன்னுடைய லப்டொப்பில் ஏற்றித் தந்து இன்றைக்கு ஒன்பது நாள். இப்படியான விளையாட்டுப் பக்கமே போகாத ஆள் ஒருவரின் கருத்து எங்கள் கம்பனிக்கு வேண்டும், ஆடிப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ வாப்பா என்று கேட்டாய். அதற்கு என்னைவிடத் தோதான ஆள் நீ இருக்கிற ஸ்வீடன் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. கரம் போர்ட்டில்கூட உன் உம்மாவிடம் தோற்கிறவன் நான். வொயிஸ் மெசேஜ் போதும் என்றாய். இரண்டு நிமிசத்தில் சொல்லி முடிக்கிற விசயமா இது? கொப்பியில் எழுதுகிறேன், ஷிஃபானா படம் பிடித்து அனுப்புவாள்.

முதலில் நல்லது. இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வருகிறது. என் முறையில் என் கப்பல்களுக்கெல்லாம் கட்டளை கொடுத்து, கீழே இருக்கிற பொத்தானை அமத்தினால்தான் எதிரிகள் மூன்று பேரும் அசைகிறார்கள். முதல் நாள் இதை நான் நம்பவில்லை. பொத்தானை அமத்தாமல் விட்டுவிட்டு லுஹர் தொழுதேன், சாப்பிட்டேன், சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தேன். வந்து பார்த்தால் சிவப்புக் கப்பல்காரன் விட்ட இடத்திலேயே நிற்கிறான். இவ்வளவு மரியாதையான எதிரியை நான் கண்டதே இல்லை. இருபத்தெட்டு வருசம் துறைமுகத்தில் இழுவைப் படகின் சுக்கான் பிடித்திருக்கிறேன். கோதுமைக் கப்பல் திரும்புகிற நேரம் காற்று அடித்தால், கொஞ்சம் பொறு, யோசித்துச் சொல்கிறேன் என்று காற்றிடம் சொல்ல ஏலாது. இங்கே ஏலும். அது எனக்கு நல்லாகப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று, அந்தக் கறுப்பு. வரைபடத்தில் போகாத இடமெல்லாம் கறுப்பாகக் கிடக்கிறது, கப்பல் போனால் வெளிக்கிறது. அங்கே என்ன இருக்கும், அதற்கு அப்பால் என்ன இருக்கும் என்று பார்த்துப் பார்த்து மூன்று நாள் சோறு ஆறிப்போனது. சண்டை பிடிக்கிறதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. மூன்றாவது சூரியனைச் சுற்றுகிற பச்சைக் கிரகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் ஒரு குடா, நம்முடைய குடா மாதிரியே வாய் ஒடுங்கி உள்ளே அகன்று கிடக்கிறது. அதை நீ செய்தாயா, தானாக வந்ததா?

இனிக் குறை. பின்னால் போகிற இசை பல் டொக்டரிடம் காத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. நிறுத்திவிட்டேன். அதைவிடப் பெரிய குறை, ஏழாம் முறையில் ஒரு கப்பலைத் தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்கு அனுப்பினேன், பாதி வழியில் எரிபொருள் முடிந்து நின்றுபோனது. சரி, இழுத்து வருவோம் என்று பட்டியலைத் திறந்தால் பீரங்கிக் கப்பல் பதினொரு வகை இருக்கிறது, இழுக்கிற கப்பல் ஒன்றும் இல்லை. அதிலே இருக்கிற நூற்றிருபது பேரையும் அப்படியே விட்டுவிட்டு வேறு கப்பல் கட்டட்டாம். மகள், யார் இதைச் செய்தது? அந்த ஆளை ஒருநாள் நம்முடைய துறைமுகத்துக்குக் கூட்டி வா, நான் கதைக்கிறேன். கயிறு கொண்டுபோகிற கப்பல் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடு.

பத்திரக் கதையை நீ கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். உன் பெயரில் இருக்கிற இந்த வீட்டை உன் சார்பில் நான் கையெழுத்து வைத்து ஷிஃபானாவின் பெயருக்கு எழுதட்டும் என்று நீ ஜனவரியில் அனுப்பிய அற்றோணி அதிகாரப் பத்திரம், தூதரக முத்திரையோடு அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. அவளுக்கு மூதூர் ஸஜ்ஜாத்தைப் பேசி முடித்தாயிற்று, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கலியாணம். பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு எழுதாமல் நம்முடைய ஊரில் கலியாணம் இல்லை என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஸஜ்ஜாத்தின் வாப்பா முனாஸ் ஒருதரம் மரியாதையாகக் கேட்டார், வீட்டு உறுதி எழுதி முடிந்ததா என்று. அடுத்த கிழமை என்று சொல்லியிருக்கிறேன். உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்குச் சுகமில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் வாப்பா
ஸஹாப்தீன்


கிண்ணியா
24 ஏப்ரல் 2025

மகள் அசனாவுக்கு,

நாங்கள் சுகம், நீயும் அப்படியே இருக்க துஆ கேட்கிறோம். இந்தப் பக்கங்களை நானே படம் பிடித்து அனுப்புகிறேன். ஷிஃபானா வாசிக்கத் தேவையில்லாத கதை கடைசியில் இருக்கிறது. விரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

இழுவைக் கப்பல் சேர்க்க உன் ஆட்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று நீ அறிவித்ததை ஜெற்றியடியில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். பாதிப் பேர் நம்பவில்லை. பச்சைக் கிரகத்தின் குடாவைக் கணினி தன்பாட்டில் வரைந்தது, ஒருவரும் செய்யவில்லை என்றும் சொன்னாய். அது கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் கணினிக்கும் நல்ல துறை எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறதே என்று யோசித்தேன்.

இனி நான் தோற்ற கதை. நாற்பத்திமூன்றாம் முறை வரைக்கும் என்னிடம் ஒன்பது கிரகம். பக்கத்து நீல ஆட்களோடு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அவர்கள் சம்பந்தம் பேசி ஆள் அனுப்பினார்கள், என் வாரிசை அவர்களுடைய வாரிசுக்கு முடித்துவைக்கிற ஒப்பந்தம். என் வாரிசு பொம்பிளைப் பிள்ளை. இங்கிலீசை ஷிஃபானா வாசித்துச் சொன்னாள். சம்மதம் என்று அமத்தினதும், பிள்ளையோடு எந்தக் கிரகத்தைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டு ஒன்பது பெயரும் வரிசையாக வந்தன.

கடைசியில் பனிக்கல் ஒன்று இருந்தது. அதைக் கொடுங்கோ வாப்பா, எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க என்று ஷிஃபானா சொன்னாள். அந்த நேரம் பார்த்து உன் உம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். மூத்த பிள்ளைக்குக் கல்லும் பனியுமா கொடுக்கப் போறீங்க, சபையில் தலை காட்டுற யோசனை இல்லையா என்று கேட்டாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இருக்கிறதில் நல்லது தலைநகர்க் கிரகம். கடல் இருக்கிறது, கப்பல் கட்டுகிற துறை இருக்கிறது, நாற்பது முறையாகப் பார்த்துப் பார்த்துக் கட்டினது. அதையே எழுதிக் கொடுத்தோம். பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் இருக்கிற மாதிரி, நானும் உம்மாவும் இருக்க அதைச் சுற்றுகிற சின்னச் சந்திரனில் ஒரு இடம் கட்டவும் கட்டளை கொடுத்தேன். பிஸ்மி சொல்லிப் பொத்தானை அமத்தினேன்.

திரை முழுக்கக் கறுத்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு எழுத்து வந்தது, உங்கள் பேரரசு முடிவுக்கு வந்தது என்று. ஷிஃபானா கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தலைநகரைக் கொடுத்த ஆளுக்கு அதோடு ஆட்டம் முடிந்ததாம். நூற்றுக்கு மேல் கப்பல் இருக்கிறது, எட்டுக் கிரகம் இருக்கிறது, இருந்தும் முடிந்ததாம். எந்த நாட்டுச் சட்டம் இது என்று கேட்டுக்கொண்டு உம்மா குசினிக்குப் போனவள்தான், அன்றைக்கு முழுக்க அந்த லப்டொப்பின் பக்கம் வரவில்லை.

ஆகவே என் கருத்தைப் பதிந்துகொள். பிள்ளைக்கு வீடு கொடுத்தவன் தோற்றவன் இல்லை. கொடுத்த கிரகம் அவனுக்குக் கறுத்துப்போகவும் கூடாது. அவன் கப்பல் போய்க் கட்டவும் நாலு நாள் தங்கவும் அங்கே இடம் இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் உங்களுடைய விளையாட்டுக் கிழக்கு மாகாணத்தில் ஓடாது.

இப்போது மற்றக் கதை. நொத்தாரிசுக்கு ஒரு சுகக்கேடும் இல்லை. மனுசன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நான்தான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்கே அந்தக் கறுத்த திரையைக் கண்ட பிறகுதான் விளங்கினது. உனக்குப் பத்தொன்பது வயதில் இந்த வீட்டை எழுதினேன். நீ படிக்கப் போய், வேலை எடுத்து, ஆறு வருசமாகிறது. என்னால் வந்து இருக்க ஏலாது, சும்மா என் பெயரில் கிடக்க வேண்டாம் என்று தங்கச்சிக்கு மனமாரத்தான் கொடுத்திருக்கிறாய். ஆனால் நான் கையெழுத்து வைத்த நிமிசத்திலிருந்து இந்த ஊரில் உனக்கென்று ஒரு சாண் நிலம் இல்லை. வைக்காவிட்டால் ஷிஃபானாவின் கலியாணம் நிற்கும். அவள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் கூடப் பயமாக இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் பத்திரத்தை வைத்துக்கொண்டு என் முறையை முடிக்காமல் இருக்கிறேன். முனாஸ் அந்தச் சிவப்புக் கப்பல்காரன் இல்லை, எத்தனை நாளைக்கு நிற்பார்?

வாப்பாவுக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைக்காதே. மனதில் இருக்கிறதை எழுது.

உன் வாப்பா


கிண்ணியா
20 மே 2025

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்புகிறேன், கூடவே ஒரு பிரதி இருக்கிறது. கடிதத்தை வாசித்துவிட்டு அதைப் பார்.

அன்றைக்கு நீ போனில் கோல் எடுத்துச் சொன்னவற்றை உம்மாவுக்கு முழுக்கச் சொன்னேன். தலைநகரையே கொடுக்கிற யோசனை அங்கே ஒருவருக்கும் ஒருநாளும் வந்ததில்லையாம், என் கடிதத்தை மொழிபெயர்த்து வாசித்தபோது ஒரு மணித்தியாலம் தர்க்கம் நடந்ததாம், சட்டத்தை மாற்ற மாட்டார்களாம், கொடுக்க முன்னே ஒரு எச்சரிக்கை போடுவார்களாம். எச்சரிக்கை போட்டாலும் நான் கொடுப்பேன் என்று உம்மா சொல்லச் சொன்னாள்.

தலைநகரை வேறு கிரகத்துக்கு மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது, அதை மாற்றிவிட்டுக் கொடுத்தால் ஆட்டம் தொடரும், வாப்பா அதைக் காணவில்லை என்றும் சொன்னாய். பிறகு கொஞ்சம் பொறுத்து, நான் மாத்திட்டன் வாப்பா, எப்பவோ மாத்திட்டன் என்றாய். அதற்குப் பிறகு லைன் வெட்டுப்படவில்லை மகள். நீ அழுதாயோ தெரியாது, நான் அழுதேன்.

அடுத்த நாள் காலையிலேயே அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போனேன். அவர் எழுதத் தொடங்க முன்னே, வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று கேட்டார். கொடுக்கிறவருக்குச் சீவிய உரித்து வைக்கிறதா என்று. அதாவது வீடு இன்னொருவர் பெயருக்குப் போனாலும், கொடுத்தவர் உயிரோடு இருக்கும் மட்டும் அதில் இருக்க அவருக்கு உரிமை, ஒருவரும் எழும்பு என்று சொல்ல ஏலாது. வயது போன தாய் தகப்பன் தங்களுக்கு வைக்கிறது அது. இங்கே கொடுக்கிறவர் வெளிநாட்டில் இருக்கிற இளம் பிள்ளை, தேவைப்படாதுதானே என்று அவரே சொல்லிப் பேனையைத் திருப்பிப் பிடித்தார். நான் பொறுங்கோ என்றேன்.

உன் வடக்குப் பக்கத்து அறையில் உனக்கு அந்த உரித்தை வைக்க நினைத்தேன், உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், தங்கச்சிக்கு முழுசாகப் போகட்டும் என்பாய். நீ தந்த அதிகாரத்தை உன்னைக் கேட்காமல் பாவித்திருக்கிறேன், கோபமென்றால் கோபித்துக்கொள். ஆனால் ஷிஃபானாவைக் கேட்டேன். அவளுடைய வீடு, அவளைக் கேட்காமல் செய்வது முறையில்லை. நான் சொல்லி முடிக்க முன்னமே, எழுதுங்கோ வாப்பா, ராத்தா வராட்டியும் அது ராத்தாட அறைதானே என்றாள். சம்பந்த வீட்டுக்கும் மறைக்கவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே மூதூருக்குப் போய் முனாசிடம் நேரே சொன்னேன், வடக்குப் பக்கத்து அறை மூத்த மகளுக்கு ஆயுளுக்கும் இருக்கும் என்று. மனுசன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, அந்த அறைக்கு வெளியால் தனி வாசல் இருக்குதா என்று கேட்டார். இல்லை, நடு ஹோல் வழியால்தான் போக வேணும் என்றேன். அப்ப நல்லது, அந்தப் பிள்ளை வந்தா எங்கட ஆக்களைக் கண்டு கதைச்சிட்டுத்தான் உள்ள போக வேணும் என்று சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதரோடுதான் சம்பந்தம் செய்கிறோம்.

பதினேழாம் தேதி கையெழுத்து வைத்தேன். ஷிஃபானாவுக்கு வீடு ஆயிற்று. கலியாணம் அடுத்த மாதம் இருபதாம் தேதி.

விளையாட்டை விட்டுவிடவில்லை. புதிதாகத் தொடங்கி அறுபத்தோராம் முறையில் நிற்கிறேன். வரைபடத்தின் ஓரத்துக்கே போய்விட்டேன், அதற்கு மேல் கப்பல் போக மாட்டேன் என்கிறது. அங்கே உண்மையில் ஒன்றும் இல்லையா, நீங்கள் இன்னும் செய்து முடிக்கவில்லையா என்று கேட்டுச் சொல்லு. மொத்தத்தில் கருத்துக் கேட்டால், நல்ல விளையாட்டு என்று எழுதிக்கொள். இசையை மட்டும் மாற்றட்டும்.

இனி அந்த உறுதிப் பிரதியைப் பார். இரண்டாம் பக்கத்தில் நடுவில் உன் முழுப் பெயர் இருக்கிறது. கொடுப்பவர் சீவியம் உள்ள மட்டும் என்று எழுதியிருக்கிறது. உன் சீவியத்தை அல்லாஹ் நீளமாக்கி, நீ இருக்கிற இடத்தில் உன்னைச் சந்தோசமாக வைக்கட்டும். அந்த நாட்டை விட்டு வா என்று நான் கேட்கவில்லை, அது உன் இடம், விளங்கிக்கொண்டேன். ஆனால் எனக்கு அறுபத்துமூன்று முடிந்துவிட்டது. உன் உரித்துக்கு உன் ஆயுள்தான் கணக்கு, என்னுடையது இல்லை. நான் இருக்கும்போதே ஒருதரம் வந்து அந்த அறையில் படுத்து எழும்பிவிட்டுப் போ, மகள்.

வாசலைப் பார்த்திருக்கிற
வாப்பா